உரோமர் வெள்ளிக்காசும் செஞ்சியாறும்

செஞ்சிக்குச் செல்வார் யாவரும் மலையையே நோக்குவர். ஆற்றை நோக்குவார் அரியர். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்து நிற்கும் மதிலும், கலியாண மகாலும், நெற்களஞ்சியமும் கண்ணைக் கவர்ந்துகொள்ள, ஊரின் பெயரையே தாங்கிச் செல்லும் செஞ்சியாறு மழைக்காலம் ஒழிந்த மற்றைக் காலத்து மணலாய்க் கிடக்கும். சங்கராபரணி என்றும் வராகநதி என்றும் வழங்கும் அவ்வாறு, செஞ்சிப் பக்கத்து மலைகளிலே பிறந்து, திருவக்கரையையும் வில்லியனூரையும் கடந்து, புதுச்சேரிக்குத் தெற்கே கடலை அடைகின்றது. அடையுமுன் அது பிரியும் கிளைகளுள் ஒன்று அரியாங்குப்பத்து ஆறு. அக்கிளையின் கரையிலுள்ள மேடே அரிக்கமேடு.

அரிக்கமேட்டின் சிறப்பைத் தமிழ் பயில்வார்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதின்று. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் அறிஞர் ஆங்கு அகழ்ந்தபோது, இத்தாலி நாட்டுச் செந்நிற மட்கலங்களும், மது முதலியன அடைத்து வந்த இருகாதுச் சாடிகளின் உடைசல்களும் வெளிப்பட்டன. அவற்றைக் கொண்டே தென்னாட்டுப் பழைய ஊர்களின் காலத்தை வரையறுக்கும் நெறி உண்டாயிற்று. பெரிபுளூஸ் என்னும் யவனக் கடற்செலவு நூல் கூறும் பொதுகே என்னும் துறை இதுவே என்பது அறிஞர் பலர் துணிபு. ஆதலின் உரோமரொடு வாணிகம் செய்தோர் இவ்வாற்றின் வாயில்வரை வந்தனர் என்பதில் ஐயமில்லை. அவர்தம் வெள்ளி ஆற்றின் மேலே ஏறிச் செஞ்சிவரை வந்ததா என்பதே எம் வினா.

யாம் மூவர், தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கர், சென்ற கோடை விடுமுறையில் எம்முள் ஒருவருடைய அத்தையார் இல்லத்தில் செஞ்சியில் ஐந்து நாள் தங்கியிருந்தோம். கோட்டையை இரண்டு நாளிற் கண்டு முடித்தோம். அது 2025ஆம் ஆண்டில் மராத்தியர் படையரண்களுள் ஒன்றாக உலக மரபுச் சின்னங்களின் நிரலில் சேர்க்கப்பட்டமையின் காண்போர் கூட்டம் மிகுந்திருந்தது. எஞ்சிய மூன்று நாளும் காசு தேடினோம். கல்லூரி நூலகத்தில் நாணய நூல் ஒன்றைப் படித்த மயக்கம் எம்மைவிட்டு நீங்காதிருந்த காலம் அது.

தேடுவது இன்னதென்று அறியாதவன் கண்டாலும் காணான். ஆதலின் உரோமர் வெள்ளிக்காசு எத்தகையது என்பதை முதற்கண் கூறுவோம். தெனாரியம் என்பது அதன் பெயர். கி.மு. 211 அளவில் உரோமர் அதனை அடிக்கத் தொடங்கினர். பத்துச் செப்புக்காசுக்கு ஒன்று என்ற மதிப்புப் பற்றி வந்த பெயர் அது. பின்னர்ப் பதினாறுக்கு ஒன்றாக மாறியும் பெயர் மாறவில்லை. அகுஸ்துராயன் காலத்துத் தெனாரியம் ஏறக்குறைய 3.8 கிராம் எடையுள்ளது. நம் முன்னோர் வழங்கிய நாலணா வெள்ளிக்காசின் அகலமும் அதனினும் மிக்க தடிப்பும் உடையது. வெள்ளி வில்லையை இரண்டு அச்சுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் அடித்துச் செய்தமையின் விளிம்பு வட்டமாயிராது; உருவமும் பலகால் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

தமிழ்நாட்டில் மிகுதியாகக் கிடைத்தவை இரண்டு வகையே. ஒன்று அகுஸ்துவின் காசு. அதன் பின்புறத்தே அவன் மகன்மைகொண்ட பேரர் காயு, லூகியு என்னும் இளவரசர் இருவர், நடுவே கேடயமும் வேலும் சார்த்தி நிற்பர். மற்றொன்று, கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியுராயன் காசு. அதன் முன்புறத்தே வாகைமாலை சூடிய அரசன் தலையும், பின்புறத்தே செங்கோலும் தளிரும் ஏந்தி இருக்கையில் அமர்ந்த பெண்ணுருவும் உண்டு. அவளைச் சுற்றித் தலைமைக் குரு எனப் பொருள்படும் இலத்தீன் எழுத்துக்கள் பொறித்திருக்கும். அப்பெண் அரசன் தாய் லீவியா என்பர் பலர்.

இவ்விரண்டாம் காசினை நம் கல்லூரி மாணாக்கர் கண்ணால் கண்டிராவிடினும் காதால் கேட்டிருப்பர். இராயனுக்கு வரி கொடுத்தல் தகுமோ என்று வினவினாரிடம் நம் ஆண்டவர் கேட்டு வாங்கிய காசு இதுவே என்பது நெடுநாள் வழக்கு. அக்காலத்து யூதேயாவில் இவ்வகைக் காசு அத்துணைப் பெருக வழங்கவில்லை என்று ஐயுறும் ஆய்வாளரும் உளர். திராட்சத் தோட்டத்து வேலையாட்கள் பெற்ற நாட்கூலியும் ஒரு தெனாரியமே. ஆனால் யூதாசு பெற்ற முப்பது வெள்ளிக்காசை இதனோடு சேர்த்து எண்ணற்க. அவை தீரு நகரத்துப் பெருங்காசாக இருத்தல் வேண்டும் என்பதே பலர் கொள்கை. எருசலேமில் ஒருநாட் கூலியாயிருந்த அவ்வகைக் காசே, குடம் குடமாக, நம் கொங்கு நாட்டு மண்ணில் கிடந்தது என்பதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு அடங்குவதில்லை.

குடம் குடமாக என்றது மிகையன்று. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டில் 500க்கு மேற்பட்ட தெனாரியங்கள் ஒருங்கே கிடைத்தன. அவ்வூரிலேயே 1891இலும் 1931இலும் மீண்டும் கிடைத்தன. உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பூதிநத்தத்தில் 1946இல் எடுத்தவை 1398. கரூரிலும் பொள்ளாச்சியிலும் கிடைத்தவை வேறு. இவற்றை ஊர்வாரியாகத் தொகுத்து, இராபர்ட்டு சிவெல் என்பார் 1904ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இன்றும் ஆய்வாளர்க்குத் தொடக்க நூலாகும். அதனைப் படித்தபின் தென்னிந்தியப் படத்தை விரித்துப் புள்ளியிட்டுப் பார்த்தோம். வெள்ளிப் புள்ளிகள் கொங்கில் நெருங்கி நின்றன. செஞ்சிப் பக்கம் வெறுமையாயிருந்தது. துறைமுகமாகிய அரிக்கமேட்டிலேயே உரோமர் காசு மிக அரிது. வெள்ளிப்புதையல் ஒன்றும் இல்லை.

இஃது என்னை? கொங்கிற் குவிந்ததற்குக் காரணம் காண்டல் எளிது. மேலைக் கடற்கரையில் முசிறித் துறையில் இறங்கிய வாணிகர் பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கில் நுழைவர். ஆங்குக் காங்கயத்தை அடுத்த படியூரில் நீலப்பச்சைக் கல் கிடைத்தது. நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில் மணிக்கல் இழைத்த பட்டறைகளும் இரும்புருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் அதுவே என்பர். மேலும் கிழக்கே சென்றால் சேரர் பேரூராகிய கரூர். உரோமப் பெருமாட்டியர் விரும்பிய கல்லுக்கு விலை வெள்ளியாக வந்தது போலும்.

இந்த வணிகத்தால் உரோமப் பொருள் கரைந்து போவதைப் பிளினி என்னும் ஆசிரியர் வருந்தி எழுதினார். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்தர்ஸ், அஃதாவது 1 கோடியே 25 இலக்கம் தெனாரியம், இந்தியா உறிஞ்சுகின்றது என்பது அவர் கணக்கு. அவர் எழுதிய மற்றொரு செய்தி எமக்கு இதனினும் இனிது. செங்கடலில் வரி தண்டிய ஒருவனுடைய ஆள் காற்றால் அடிபட்டு இலங்கையிற் சேர்ந்தான். அவனிடமிருந்த தெனாரியங்களை அந்நாட்டு மன்னன் நிறுத்துப் பார்த்தான். முகங்கள் வேறு வேறாயிருந்தும் எடை ஒன்றாயிருந்தமை கண்டு, இவர் நேர்மையுடையார் என வியந்து, உரோமுக்குத் தூது விடுத்தான் என்ப. கதை எவ்வளவு மெய்யோ, காசை நம் நாட்டார் எவ்வாறு மதித்தனர் என்பதை அது நன்கு காட்டும்: முகத்தைப் பாரார், எடையையே பார்த்தனர்.

அவ்வெடை கெட்டபோது வாணிகமும் முகம் திரிந்தது. கி.பி. 64இல் நீரோ அரசன் ஓர் இறாத்தல் வெள்ளியில் 84 காசு அடித்த வழக்கை மாற்றி 96 அடிப்பித்தான், செம்பும் கலந்தான். அதற்குப்பின் அடித்த வெள்ளிக்காசு தென்னாட்டில் மிகக் குறைவு. பொற்காசே பின்னர் மிகுதியும் வந்தது. ஆய்வாளர் சிலர் இன்னும் ஒரு படி மேற்சென்று, அகுஸ்து, திபேரியு என்னும் இருவர் காசும் அவர் காலத்தே வந்தன அல்ல. நீரோவின் கலப்படத்துக்குப்பின் வாணிகர் பழைய தூய காசாகத் தேர்ந்தெடுத்து அனுப்பியவை என்பர். இரண்டு அச்சுக்களே இத்துணை மிகுந்து கிடைப்பதற்கு இக்கருத்துப் பொருந்துவதாகவே எமக்குத் தோன்றுகின்றது. ஆயினும் முடிவு கூற யாம் யார்?

ஈண்டுத் தமிழ் மாணாக்கர்க்குரிய ஐயம் ஒன்று. அகநானூற்று 149ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார், யவனர் கலம் முசிறிக்குப் பொன்னொடு வந்து மிளகொடு மீளும் என்கின்றார். மண்ணோ வெள்ளியை மிகுதியாகத் தருகின்றது. புலவர் பிழைத்தாரா? பொன் என்னும் சொல் தங்கத்துக்கே உரியதன்று. ஐம்பொன் என்னும் வழக்கிற்போல உலோகங்களுக்கெல்லாம் பொதுவாய் நிற்பதும் உண்டு. இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன். எனவே யவனர் தந்த பொன்னில் வெண்பொன்னும் அடங்கும் என்று கொள்ளலாம். இவ்வுரையை எம் பேராசிரியரிடம் கூறியபோது அவர் சிரித்தார், மறுக்கவில்லை.

வெள்ளியை உருக்கினார் மட்டுமல்லர், அதனைக் கண்டு கற்றாரும் இருந்தனர். கரூர் அமராவதியாற்று மணலிற் கிடைத்த சேரர் வெள்ளிக்காசு ஒன்றில் அரசன் தலையும், அதன்மேல் மாக்கோதை என்னும் தமிழ்ப் பெயரும் உண்டு. தெனாரியத்தை முன்வைத்தே அவ்வச்சை வெட்டியிருத்தல் வேண்டும் என்பர். இத்தகைய காசுகளை மணலரிப்போரிடமிருந்தும் வணிகரிடமிருந்தும் பொறுமையோடு வாங்கித் தொகுத்து, 1994இலும் 1997இலும் நூலாக்கியவர் நாணய அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி. செஞ்சிக்குத் தென்மேற்கே பெண்ணையாற்றங்கரையிலுள்ள திருக்கோவலூர்ப் பக்கத்தே கிடைத்த பிற்கால உரோமச் செப்புக்காசுகளையும் அவர் ஆராய்ந்தார். செப்பு அவ்வளவு அருகில் வந்திருக்க, வெள்ளி செஞ்சிக்கு வரவேயில்லை என்று கூறிவிடுதல் தகுமோ?

கோட்டையைக் கொண்டு இதற்கு விடை காணல் இயலாது. ஆனந்தக்கோன் என்பான் அதனைத் தொடங்கினான் என்பது மரபு, அது கி.பி. 1200 அளவினது. திபேரியுவுக்கும் அதற்கும் இடையே ஆயிரத்து நூறாண்டுக்கு மேல். சந்தையில் எமக்குக் காட்டப்பட்ட பழங்காசுகளும் சிறு செப்புக்காசுகளே. நாயக்கர், பீசப்பூரார், 1677இல் சிவாசி, 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என இத்தனை பேர் ஆண்ட ஊரில் அதுவே இயல்பு. ஆனால் செஞ்சி வட்டத்து நெகனூர்ப்பட்டியில் பாறையிற் பொறித்த பழந்தமிழ் எழுத்து உண்டு. கோட்டைக்கு நெடுங்காலம் முன்னரே ஈண்டு மக்கள் வாழ்ந்தனர். எழுதப் படிக்கவும் அறிந்திருந்தனர்.

நான்காம் நாள் மாலை, கடைத்தெருவை ஒட்டிய சந்தில் வெள்ளிவேலை செய்யும் முதியவர் ஒருவரைக் கண்டோம். அகவை எண்பது கடந்தவர். ஊதுகுழலும் மூசையும் இன்னும் அவர்முன் இருந்தன. வேலையெல்லாம் பேரன் செய்கின்றான்.

"தாத்தா, பழைய வெள்ளிக்காசு உருக்க வருவதுண்டா?" என்று வினவினோம்.

"இப்பொழுது யார் தம்பி கொண்டு வருகிறார்கள்? எங்கள் அப்பா காலத்தில் வரும். கிணறு வெட்டினவர்கள், கொல்லை உழுதவர்கள், மடியில் முடிந்துகொண்டு இருட்டின பிறகு வருவார்கள். அப்பா எடை போட்டு வெள்ளி விலை கொடுத்துவிடுவார். அப்புறம் மூசைதான். கொலுசாய்ப் போயிற்று, அரைஞாணாய்ப் போயிற்று."

எத்தகைய காசு என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், தாம் சிறுவராயிருந்தபோது ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்ததாகவும், நாலணா அளவினதாகவும் அதனினும் தடிப்பாகவும் அஃது இருந்ததாகவும் கூறினார். "ஒரு பக்கம் மொட்டைத் தலை மாதிரி ஓர் ஆண் தலை. மற்றப் பக்கம் நாற்காலியில் ஒரு பொம்பிளை உட்கார்ந்திருந்தாள்."

எம் மூவர் நெஞ்சும் ஒருங்கே துடித்தன. திபேரியு! எம்முள் ஒருவர் அப்பொழுதே எழுந்து நின்றுவிட்டார். "எந்த ஊர்க் கொல்லை, தாத்தா?"

"அது யாருக்குத் தம்பி நினைவிருக்கிறது?"

அன்றிரவு அத்தையார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, எம் மகிழ்ச்சியை யாமே அறுத்துப் பார்த்தோம். புதுச்சேரி அணித்தே உள்ளது. ஆங்கிருந்து சைகோன் சென்று பொருளீட்டி மீண்டவர் பலர். பிரெஞ்சு இந்தோசீனத்துப் பியாஸ்தர் என்னும் வெள்ளிக்காசில் அமர்ந்த பெண்ணுருவம் உண்டு. அதன் சிறு பிரிவுக் காசுகளும் அவ்வுருவையே தாங்கின. ஏழாம் எட்வர்டு மன்னன் காசிலோ முடியில்லாத தலை. நம்மவர் அதனை மொட்டைத்தலைக் காசு என்றே வழங்கினர். எழுபது ஆண்டுக்கு முன் கண்ட இரண்டு காசுகள் ஒரு முதியவர் நினைவில் ஒன்றாய் ஒட்டிக்கொள்ளுதல் அரிதன்று. அன்றியும், அமர்ந்த பெண்ணைப் பற்றி அவர் கூறுமுன் யாம் வாய் திறந்து குறிப்புக் கொடுத்தோமா என்பதில் எம்முள்ளே கருத்து வேறுபட்டது. ஒருவர் ஆம் என்றார். இருவர் இல்லை என்றோம். ஆதலின் அது திபேரியு காசு என்று எழுத எமக்கு உரிமையில்லை. அன்று என்று எழுதவும் உரிமையில்லை. கொங்கில் புள்ளி நெருங்கியிருப்பதற்கு வாணிகம் காரணமாகலாம். செஞ்சியில் வெறுமையாயிருப்பதற்கு மூசை காரணமாகவும் ஆகலாம். இரண்டையும் வேறு பிரித்தறிய ஒரே கருவி, காசு கிடைத்த இடம். அதுதான் போயிற்று.

காசு தொகுக்க விரும்பும் நண்பர் நம் விடுதியிலும் சிலர் உளர். அவர்க்காகச் சில சொல்வோம். பழைய வெள்ளியைப் புளியிட்டோ சாம்பலிட்டோ துலக்கற்க. கருத்த மேனியே அதன் காப்பு. மேலும் நெடுநாள் மண்ணிற் கிடந்த வெள்ளி உள்ளே நைந்து, தரையில் விழுந்தால் ஓடுபோல் உடையும். போலிகளுக்கு அஞ்சுக. அச்சிலடித்த காசன்றி வார்த்தெடுத்த காசாயின் விளிம்பில் இணைப்புக் கோடு தோன்றும், மேனியில் நுண்ணிய குமிழித்துளை இருக்கும், எழுத்து முனை மழுங்கிச் சவர்க்காரம் போல் வழவழக்கும். செம்பின்மேல் வெள்ளி போர்த்த காசும், எழுத்தறியாக் கம்மியர் பார்த்து வெட்டிய காசும் அக்காலத்தேயே உண்டு. அவற்றைத் தள்ளிவிடற்க; அவையும் வரலாறே.

வாங்கும்போது முதலில் கேட்க வேண்டுவது விலையன்று, ஊர். எந்த ஊர், எந்த நிலம், உடன் கிடைத்தவை எவை, குடத்திலா தனியாகவா என்பதைக் கேட்டு அன்றே எழுதுக, எடையையும் எழுதுக. மண்ணிலிருந்து புதிதாய் எழுந்த புதையலாயின் அது நம்முடையதன்று. 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் கடமை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டமோ இத்தகையவற்றைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்புதலைத் தடுக்கின்றது. கிணறு வெட்டியவர் இருட்டின பிறகு வந்ததன் காரணம் இப்பொழுது விளங்கும். காசைப் பறித்துக்கொள்வர் என்னும் அச்சமே அவரை மூசைக்கு அனுப்பிற்று. அச்சட்டத்திலேயே கண்டவர்க்கும் நிலத்துக்குரியார்க்கும் பங்கு வகுத்திருப்பதை அவர்க்கு எடுத்துச் சொல்வார் இலர். காசு கண்டவர்க்கு இதனைச் சொல்லும் அளவாவது தமிழ் கற்ற நம்மால் ஆகும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்று தெனாரியத்தை ஒருமுறை கண்ணாரக் காண்பதும் செலவு மிகாத செயல்.

ஐந்தாம் நாள் காலை, பேருந்து ஏறுமுன் அம்முதியவர் கடைக்கு மீண்டும் சென்றோம். இனி அத்தகைய காசு ஏதேனும் வந்தால், உருக்குமுன் கொண்டுவந்தவருடைய ஊரைக் கேட்டு வைக்க வேண்டும் என்றும், எமக்கு ஒரு வரி எழுதினால் யாமே வந்து அவரை அதிகாரிகளிடம் அழைத்துச் செல்வோம் என்றும் பேரனிடம் கூறினோம். அவன் தலையசைத்தான், நம்பினான் என்று சொல்ல மாட்டோம். முதியவர்தாம் விடுதி முகவரி எழுதிய தாளை வாங்கி, நான்காய் மடித்து, குன்றிமணி எடைகள் வைத்திருந்த சிறு மரப்பெட்டிக்குள் வைத்தார். எம் குறிப்பேட்டில் அன்று எழுதியது இவ்வளவே: செஞ்சி; வெள்ளி; நாலணா அளவு, தடிப்பு; தலை, அமர்ந்த பெண்; கேள்வி மட்டும், காட்சியன்று; இடம் தெரியாது.